கடை வாடகை பாக்கி: அட்வான்ஸ் கரைவதற்குள்

"அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்." கடை வாடகை நின்று இரண்டு மூன்று மாதம் ஆனதும் வாடகைதாரர் வாயிலிருந்து இது வந்துவிடும். கட்டடக்காரரும், பணம்தான் நம் கையில் இருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிடுவார். தமிழ்நாட்டில் கடை வாடகை பாக்கி வராக்கடனாகிப் போவது பெரும்பாலும் இந்த நிம்மதியில்தான் தொடங்குகிறது.

அட்வான்ஸை ரூபாயாகப் பார்க்காமல் நாட்களாகக் கணக்குப் போடுங்கள். மாத வாடகை 60,000, அட்வான்ஸ் ஆறு மாதத்துக்கு 3,60,000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் என்றால் 18 சதவீதம் சேர்த்து மாதாமாதம் வர வேண்டியது 70,800. ஐந்து மாதத்திலேயே 3,54,000 போய்விடும். மிச்சம் ஆறாயிரம். ஈபி இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லைக் கடைக்காரர் கட்டவில்லை என்றால் அந்தப் பாக்கி இணைப்போடு ஒட்டிக்கொண்டு உங்கள் தலையில் விடியும். சுவரில் துளை போட்டது, ஃபால்ஸ் சீலிங்கைப் பிய்த்தது, ஷட்டர் ரிப்பேர் எல்லாம் அதற்கு மேல். ஆக, ஆறு மாத அட்வான்ஸ் நிஜத்தில் நான்கு மாதம் தாங்கினால் அதிகம்.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பாருங்கள். இரண்டு மாத பாக்கி சேர வேண்டும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மனு போட்டு, அதற்கு வழக்கு எண் கிடைத்து, எதிர்தரப்புக்கு சம்மன் போக இன்னொரு மாதமாவது ஆகும். பிறகும் பாக்கியைக் கட்டித் தப்பிக்க அவருக்குச் சட்டமே ஒரு மாதம் தருகிறது. முதல் வாய்தாவுக்கு முன்பே ஐந்து மாதம் ஓடிவிட்டது. அதனால் இரண்டாவது மாத வாடகை வராத வாரத்திலேயே நோட்டீஸ் கிளம்ப வேண்டும். "தீபாவளி சீசன் முடியட்டும்", "ஆடித் தள்ளுபடியில் வந்துவிடும்" என்ற பேச்சுக்குக் காது கொடுக்கலாம், தவறில்லை. நோட்டீஸை மட்டும் அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

முதலில் கணக்கு

வக்கீலிடம் போகும்முன் ஒரு தாளில் மாதவாரியாக எழுதுங்கள்: எந்த மாதம், எந்தத் தேதியில் கட்ட வேண்டியது, வாடகை, ஜிஎஸ்டி, ஈபி மற்றும் பராமரிப்பு, வந்த தொகை, வந்த தேதி, வந்த வழி, டிடிஎஸ் (வாடகைதாரர் வாடகையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி), நிலுவை. மொத்தமாக "சுமார் நாலரை லட்சம்" என்று போனால் குறுக்கு விசாரணையில் அந்த "சுமார்" என்ற சொல்லை வைத்தே உங்களை ஒருவழி பண்ணிவிடுவார்கள்.

வாடகை உயர்வில் தகராறு இருந்தால் ஒத்துக்கொண்ட வாடகையை ஒரு வரியிலும், தகராறில் உள்ள உயர்வை வேறு வரியிலும் காட்டுங்கள். இரண்டையும் கலந்து ஒரே தொகையாகக் கேட்டால், பாக்கியே இல்லை, உயர்வில்தான் பிரச்சினை என்று வழக்கைத் திசை திருப்ப அவருக்கு நல்ல பிடி கிடைக்கும்.

வாடகை மாதம் 50,000-ஐத் தாண்டினால் வாடகைதாரரான கம்பெனியோ பார்ட்னர்ஷிப்போ 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். பிடித்தம் ஜிஎஸ்டியை நீக்கிய வாடகையின் மீது மட்டும். மேலே சொன்ன கணக்கில் 6,000 பிடித்து 64,800 வரவேண்டும். உங்கள் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பாருங்கள். இதில் ஒரு புதையல் ஒளிந்திருக்கும்: பணம் தராமலேயே சில கம்பெனிகள் கணக்குப் புத்தகத்தில் வாடகையை வரவு வைத்து டிடிஎஸ்ஸை மட்டும் கட்டியிருப்பார்கள். அந்த மாதத்துக்கு இவ்வளவு வாடகை உங்களுக்குத் தர வேண்டியது என்று அவர்களே அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்ததற்குச் சமம் அது. அந்த மாதங்களுக்கு 64,800 மட்டும் கேளுங்கள். டிடிஎஸ் கட்டாத மாதங்களுக்கு முழுத் தொகையும் கேளுங்கள்.

ஜிஎஸ்டி தனித் தலைவலி. வாடகை வந்தாலும் வராவிட்டாலும் இன்வாய்ஸ் போட்ட மாதத்துக்கான வரியை நீங்கள் கட்டியாக வேண்டும். வராக்கடன் என்று சொல்லித் திரும்ப வாங்க வழியில்லை. இன்வாய்ஸே போடாமல் விட்டால் வட்டியோடு பிறகு வந்து நிற்கும். ஆனால் இதே சட்டத்தில் உங்களுக்கு ஒரு பிடியும் உண்டு. நீங்கள் போட்ட இன்வாய்ஸை வைத்து வாடகைதாரர் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருப்பார், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்திருப்பார். இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தரவில்லை என்றால் அந்த வரவை அவர் வட்டியோடு திருப்ப வேண்டும். நோட்டீஸில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். முதலாளி அதைப் படிக்காமல் விடலாம், அவருடைய ஆடிட்டர் படிப்பார். நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர், கடைக்காரர் பதிவு செய்தவர் என்றால் 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை அவரே நேரடியாகக் கட்ட வேண்டும். அப்போது உங்கள் பாக்கிக் கணக்கில் அந்த 18 சதவீதத்தைச் சேர்க்கக் கூடாது.

அவ்வப்போது வரும் துண்டுப் பணத்தை எந்த மாதத்தில் வரவு வைப்பது என்பதும் சின்ன விஷயமில்லை. ஒப்பந்தச் சட்டப்படி, கடன்காரர் இந்த மாதத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கிக்கொள்ளும் நீங்கள் அந்த மாதத்திலேயே வரவு வைக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் கொடுத்தால் நீங்கள் விரும்பிய பழைய பாக்கியில் வைக்கலாம், காலாவதியான பாக்கியாக இருந்தாலும் சரி. ஜிபேயில் "மார்ச் வாடகை" என்று குறிப்பு எழுதி அனுப்பும் வாடகைதாரர் விவரமானவர். குறிப்பு ஏதும் இல்லாமல் 25,000 வந்தால் அன்றைக்கே வாட்ஸப்பில் "இன்று வந்த 25,000 இன்ன மாத பாக்கியில் வரவு வைக்கப்பட்டது" என்று எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு மாத வாடகைக்கும் காலாவதி தனித்தனி: கட்ட வேண்டிய தேதியிலிருந்து மூன்று ஆண்டு. 2023 ஜூன் 5-ல் தர வேண்டிய வாடகைக்கு 2026 ஜூன் 5-க்குள் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி தர வேண்டியது உண்மை" என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 தேதியிட்டு, கணக்கு முடிக்க என்று சொல்லி பாக்கி உறுதிக் கடிதம் வாங்கி வைப்பது நல்ல பழக்கம். கடையின் ஆடிட்டரே கேட்பார் என்பதால் அதில் சண்டைக்கும் இடமில்லை. வாட்ஸப் உரையாடலைச் சாட்சியமாகக் கொடுக்க 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். செய்தி இருக்கும் போனை மாற்றாமல், ஃபார்மட் செய்யாமல் வைத்திருங்கள்.

யார் மீது?

போர்டில் இருக்கும் கடைப் பெயரை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். அதன் பின்னால் இருப்பது தனி முதலாளியா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா என்று முதலில் பாருங்கள். கடையில் மாட்டியிருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடினால் சட்டப் பெயர், வணிகப் பெயர், நிறுவன வகை மூன்றும் வந்துவிடும். தனி முதலாளி என்றால் அவரே பிரதிவாதி. பார்ட்னர்ஷிப் என்றால் ஒவ்வொரு பங்குதாரரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. எல்லாரையும் சேர்ப்பது நல்லது. பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி மட்டும்தான். டைரக்டர் எவ்வளவு பெரிய காரில் வந்தாலும், அவர் தனிப்பட்ட ஜாமீன் எழுதிக் கொடுக்காதவரை அவருடைய சொத்தைத் தொட முடியாது. சின்னக் கம்பெனிக்குக் கடை விடும்போது அக்ரிமெண்டில் டைரக்டரின் தனிப்பட்ட ஜாமீன் கேட்பது இதற்காகத்தான்.

அக்ரிமெண்ட் ஒருவர் பெயரில், வாடகை வருவது இன்னொரு கணக்கிலிருந்து, போர்டில் மூன்றாவது பெயர் என்ற நிலை அடிக்கடி நடக்கும். ஒன்று, கேட்காமலே உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். இல்லையென்றால் கடனுக்குப் பயந்து கம்பெனியை மாற்றியிருக்கிறார். எதுவாக இருந்தாலும் கடை முகப்பைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகை விட்டிருந்தால் அதுவே வெளியேற்றத்துக்குத் தனிக் காரணம்.

நோட்டீஸ்

நோட்டீஸில் சொத்தின் முகவரி, கடையின் எல்லை, அக்ரிமெண்ட் தேதி, மாதவாரி பாக்கி, அக்ரிமெண்டில் வட்டி இருந்தால் அந்த வட்டி, கட்ட வேண்டிய கெடு, கட்டாவிட்டால் வாடகை உறவை முடித்துக்கொள்கிறோம் என்ற வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். அட்வான்ஸை இப்போது கழித்துக் காட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். காலி செய்து சாவி கொடுக்கும் நாளில்தான் அட்வான்ஸ் கணக்குத் தீரும் என்று அக்ரிமெண்டில் இருந்தால் அதை மேற்கோள் காட்டுங்கள். நீங்களாகவே மாதா மாதம் கழித்து வந்திருந்தால், "பாக்கியே இல்லையே, அட்வான்ஸில் நேராகிவிட்டதே" என்று சொல்ல அவருக்கு நீங்களே வழி அமைத்துத் தந்தாகிவிட்டது.

சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுக்கும் வழிகளைச் சொல்கிறது: தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், அவர் வீட்டில் குடும்பத்தாரிடமோ வேலைக்காரரிடமோ கொடுக்கலாம், இவை முடியாவிட்டால் சொத்தின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். கடை முகவரி, வீட்டு முகவரி, கம்பெனி என்றால் பதிவு அலுவலகம், எல்லாவற்றுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ரெஜிஸ்டர்டு தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டில் பதிவுச் சேவையும் கேட்டு வாங்க வேண்டும். டெலிவரி விவரத்தை உடனே பிரிண்ட் எடுங்கள். "வாங்க மறுப்பு" என்று கவர் திரும்பினால் கவலை வேண்டாம்; சரியான முகவரிக்கு அனுப்பியதைப் போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வையுங்கள். ஆர்வத்தில் கிழித்துப் பார்த்தால் ஒரு நல்ல சான்றாவணம் போச்சு.

நோட்டீஸ் போன பிறகு ஒரு வேலை நடக்கும். சத்தமில்லாமல் ஒரு மாத வாடகையை உங்கள் கணக்கில் போட்டுவிடுவார்கள். நோட்டீஸ் கெடு முடிந்த பிறகான மாதத்துக்கு என்று வாங்கிக்கொண்டு நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால், நோட்டீஸையே கைவிட்டதாக வாதம் வரும். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. "உரிமைக்குப் பங்கமின்றி, பழைய பாக்கியில் வரவு வைக்கப்பட்டது, நோட்டீஸ் அப்படியே நிற்கிறது" என்று அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள்.

செக் இருந்தால்

முன்தேதியிட்ட செக்குகள் கையில் இருந்தால் கடையைக் காலி செய்யும் வழக்கைவிட வேகமான நெருக்கடி அங்கேதான் இருக்கிறது. செக்குக்கு ஆயுள் மூன்று மாதம். "அடுத்த வாரம் போடுங்க" என்ற ஒவ்வொரு ஃபோனுக்கும் இணங்கி மூன்று மாதத்தைக் கோட்டை விடாதீர்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது போய்ச் சேர்ந்து 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் கோர்ட்டில் புகார். உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்தக் கோர்ட்டின் எல்லையில் வருகிறதோ அங்கே போடலாம். இரண்டாண்டு வரை சிறை அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம்.

இந்த வழக்குகள் தோற்பது தொகையில்தான். ஒரு லட்சத்துக்குச் செக் கொடுத்துவிட்டு, பிறகு 30,000 அனுப்பியிருப்பார். நீங்கள் அதே செக்கை முழுத் தொகைக்கும் போட்டிருப்பீர்கள். போட்ட நாளில் சட்டப்படியான கடன் 70,000தான் என்பதால் வழக்கு நிற்காது. இடையில் பணம் வந்தால் செக்கிலேயே அதைக் குறித்துவிட்டு மீதிக்குப் போட வேண்டும், அல்லது புதுச் செக் வாங்க வேண்டும். நோட்டீஸிலும் மொத்த வாடகை பாக்கியோடு செக் தொகையைக் குழப்பாமல், இன்ன எண் செக்குக்கு இன்ன தொகை என்று தனியாகக் கேளுங்கள். செக்குக்குப் பதில் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் நாச் மாண்டேட் வாங்கியிருந்தால், பணமில்லாமல் அது திரும்பினாலும் 2007ஆம் ஆண்டு பேமெண்ட் சட்டத்தில் இதேபோன்ற குற்றப் பிரிவு உண்டு.

கடையை மீட்பது

2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. அதை வைத்து "முப்பது வருஷமா இருக்கேன், என்னை அசைக்க முடியாது" என்று பேசுபவர்கள் இன்னும் உண்டு. அரசு, உள்ளாட்சி, கோயில், வக்ஃப் போன்றவற்றின் கட்டடங்கள் இந்தச் சட்டத்தின் வெளியே இருக்கின்றன. மற்ற கடைகளுக்கு வெளியேற்ற மனு வாடகை நீதிமன்றத்தில்.

பாக்கியைக் காரணமாகக் காட்டும் மனுவுக்கு இரண்டு மாத பாக்கியும், நோட்டீஸ் சேர்ந்து ஒரு மாதம் கழிந்திருப்பதும் வேண்டும். கோர்ட் நோட்டீஸ் அவருக்குப் போன ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழு பாக்கியையும் கட்டினால் வெளியேற்ற உத்தரவு வராது. இது உங்களுக்கு நஷ்டமில்லை, பணம் வந்துவிட்டதே. அதே ஆள் சலுகை பெற்ற பிறகு மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் நிறுத்தினால் அந்தச் சலுகை இரண்டாம் முறை கிடையாது.

எழுத்தில் அக்ரிமெண்டே இல்லாத பழைய கடையா? பாக்கியை நிரூபிக்கத் திணற வேண்டாம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை என்பதே இந்தச் சட்டத்தில் தனிக் காரணம். இனிமேல் போடும் அக்ரிமெண்டை மாநில அரசின் டெனன்சி தளத்தில் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு என்றால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் வேண்டும். எல்லாரும் 11 மாத அக்ரிமெண்ட் போடுவது இதைத் தவிர்க்கத்தான். 11 மாதம் முடிந்ததும் புதுப்பிக்க மறப்பதும் எல்லாரும்தான்.

பணத்தை மீட்பது

கடை திரும்புவது ஒரு தடம், பாக்கி பணமாக வருவது இன்னொரு தடம். வெளியேற்ற உத்தரவு வாங்கிக்கொண்டு, பணமும் தானாக வரும் என்று இருந்துவிட்டால் மூன்றாண்டுக் கெடு மாதம் மாதமாகக் கழிந்துகொண்டே போகும். பாக்கித் தொகைக்குச் சிவில் தாவா (வழக்கு) தனியே வேண்டும். வணிகத்துக்கு மட்டுமே பயன்படும் சொத்து, தொகை மூன்று லட்சமோ அதற்கு மேலோ என்றால் அது வணிக நீதிமன்றத்துக்குரிய வழக்கு. அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவரை அங்கே தாவா போடும்முன் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசப் பேச்சு கட்டாயம். அதைத் தாண்டிக் குதித்தால் பிராதையே (தாவா மனுவையே) நிராகரிப்பார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. சமரசத்துக்கு மூன்று மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு. இந்த நாட்கள் காலாவதிக் கணக்கில் சேராது. எதிராளி வரவே இல்லை என்றால் முயற்சி தோற்றதாக அறிக்கை வாங்கிக்கொண்டு தாவா போடலாம். அவர் பதிலுரை போட உச்சக் கெடு 120 நாள். அதன்பின் எந்தக் காரணம் சொன்னாலும் எடுபடாது. சாதாரண கோர்ட்டில் ஆண்டுக் கணக்கில் இழுக்கும் வேலை இங்கே நடக்காது என்பதால், மூன்று லட்சத்தைத் தொடும் பாக்கிக்கு இந்தத் தடம் எவ்வளவோ மேல்.

தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு 15,000. முன்பு இருந்த ஏழரை சதவீதத்தோடு பார்த்தால் இது பெரிய சுமையில்லை.

தாவா போடும் நாள்வரை சேர்ந்த எல்லா மாதங்களையும் ஒரே தாவாவில் கேளுங்கள். கோர்ட் ஃபீஸ் மிச்சம் பிடிக்க இரண்டு மாதத்தை விட்டுவிட்டு, பிறகு கேட்கலாம் என்று நினைக்கக் கூடாது. சிவில் நடைமுறைச் சட்டம் எழுதியவர்கள் இதற்கு உதாரணம் காட்டியதே வாடகையை வைத்துத்தான்: 1905, 1906, 1907 மூன்று ஆண்டு வாடகையும் பாக்கி, 1908-ல் 1906-க்கு மட்டும் வழக்குப் போட்டால், மற்ற இரண்டு ஆண்டுக்கும் பிறகு கேட்க முடியாது.

சரக்கை ராவோடு ராவாக ஏற்றிப் போகிறார் என்று தெரிந்தால் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேட்கலாம். வெறும் சந்தேகத்துக்குக் கோர்ட் அதைத் தராது. லாரி எண், தேதியிட்ட போட்டோ, "கடை மாற்றம்" என்று ஒட்டிய நோட்டீஸ், தள்ளுபடி விற்பனை விளம்பரம் என்று ஏதாவது கையில் வேண்டும்.

பூட்டுப் போடலாமா?

கூடாது. கோபத்தில் ஷட்டருக்கு மேல் இன்னொரு பூட்டுப் போட்டால், பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார். உள்ளே எட்டு லட்சம் சரக்கு இருந்தது, கல்லாவில் பணம் இருந்தது என்று புகார் வரும். இல்லை என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தனி வழக்குப் போட்டு, பாக்கி பற்றிப் பேச்சே எடுக்காமல் கடையைத் திரும்ப வாங்க முடியும். கரண்ட், தண்ணீரை நிறுத்துவதையும் 2017 சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. ஈபி பில்லைக் கட்டாமல் விட்டால் வாரியமே வந்து ஃபியூஸைப் பிடுங்கும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இணைப்பு உங்கள் பெயரில் இருக்கும்போது அந்தச் சாமர்த்தியம் செல்லுபடியாகாது. பில்லைக் கட்டிவிட்டு ரசீதைப் பாக்கியில் சேர்ப்பதே சரி. அவருடைய சரக்கைப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கவும் உங்களுக்கு உரிமை கிடையாது.

கடையைப் பூட்டிவிட்டு ஆளே காணாமல் போவது இன்னொரு ரகம். இங்கும் பூட்டை நீங்கள் உடைக்க வேண்டாம். நோட்டீஸைக் கதவில் ஒட்டி, சாட்சியோடு போட்டோ எடுத்து, கடையை நேரில் பார்த்து கோர்ட்டுக்கு அறிக்கை தரும் வக்கீல் கமிஷனரை நியமிக்க மனுவோடு கேளுங்கள். உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டு, கோர்ட் உத்தரவில் கோர்ட் ஊழியரான அமீனா வந்து திறப்பது தாமதமானாலும், பின்னால் வரும் தொல்லை மிச்சம்.

டிகிரிக்குப் பிறகு

வாடகை வந்த பழைய செக்குகளையும் வங்கிக் கணக்குத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். டிகிரியை (கோர்ட்டின் தீர்ப்பாணையை) நிறைவேற்றக் கேட்கும் மனுவில் ஜப்தி கேட்க எதிராளியின் கணக்கு எண், கிளை இரண்டும் அதில் இருக்கின்றன. சொத்து விவரம் தெரியாவிட்டால் அவரே பிரமாணப் பத்திரத்தில் தாக்கல் செய்யும்படி கோர்ட்டைக் கேட்கலாம். பண டிகிரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. இன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லாதவர் நாலு வருடம் கழித்து வேறு ஊரில் கடை திறந்திருப்பார். வாடகைதாரர் கம்பெனி திவால் நடைமுறைக்குள் போய்விட்டால் கதை வேறு: தடைக்காலம் அமலில் இருக்கும்வரை கடையை மீட்கவும் முடியாது, வழக்கை நடத்தவும் முடியாது. அந்த நடைமுறையை நடத்தும் தீர்வு அலுவலரிடம் குறித்த நாளுக்குள் உங்கள் பாக்கியைக் கோரிக்கையாகப் பதிவு செய்ய வேண்டும்.

எல்லா பாக்கியும் துரத்தத் தகுந்ததும் இல்லை. வியாபாரம் உண்மையாகவே படுத்துவிட்ட சின்னக் கடைக்காரர், அட்வான்ஸுக்கு மேல் ஒன்றரை லட்சம் பாக்கி, வேறு சொத்து கிடையாது என்றால், பாதியை விட்டுக்கொடுத்து இந்த மாதமே சாவியை வாங்குவது புத்திசாலித்தனம். காலியான கடைக்கு அடுத்த மாதமே 60,000 வரும். வழக்கு ஏற்கெனவே நடந்தால் லோக் அதாலத்தில் முடியுங்கள். அப்பீல் கிடையாது, கோர்ட் ஃபீஸும் திரும்பும். சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புக் கடிதம், ஈபி மீட்டர் ரீடிங் போட்டோ, உள்ளே விட்டுப் போகும் பொருட்களின் பட்டியல், அட்வான்ஸ் தீர்ந்த கணக்கு ஆகிய நான்கிலும் இரு பக்கக் கையெழுத்து வேண்டும். அந்த முகவரியில் உள்ள ஜிஎஸ்டி பதிவையும் மாநகராட்சி தொழில் உரிமத்தையும் அவர் ரத்து செய்வதாக அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அவர் போன பிறகும் அவருக்கு வரும் வரி நோட்டீஸ்கள் உங்கள் புது வாடகைதாரரின் மேஜையில் வந்து விழும்.

வராமலே போன வாடகைக்கு வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அதற்கு நிபந்தனைகள் உண்டு. வாடகை உறவு உண்மையானதாக இருக்க வேண்டும். அவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். உங்களுடைய வேறு எந்தக் கட்டடத்திலும் அவர் இருக்கக் கூடாது. பாக்கிக்கு வழக்குப் போட்டிருக்க வேண்டும், அல்லது போட்டும் பயனில்லை என்று அதிகாரிக்குக் காட்ட வேண்டும். இதற்கும் அந்த நோட்டீஸ் நகலும் பிரிக்காத கவரும்தான் கேட்பார்கள். பின்னால் எப்போதாவது பாக்கி வசூலானால், வந்த ஆண்டின் வருமானமாகக் காட்டி அதில் 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். கட்டடத்தை அதற்குள் விற்றிருந்தாலும் இது பொருந்தும்.